மூன்றாம் கட்சிக்கு இடும் ஓட்டு வீணாகுமா?

இயற்பியல் ஆசிரியருக்குத் தேர்தலில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவந்தது நானல்ல. என் வகுப்பு மாணவி ஒருத்தி. முதன்முறையாக வாக்காளர் பட்டியலில் அவள் பெயர் ஏறியிருந்தது. ஆய்வுக்கூடத்தில் அளவீடுகளைக் குறித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்து, “சார், எனக்குப் பிடித்த கட்சி ஜெயிக்காது என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஓட்டுப் போட்டால் வீண்தானே? ஆனால் எல்லோரும் இப்படியே நினைத்தால் அது எப்போதுதான் ஜெயிக்கும்?” என்று கேட்டாள்.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. “யோசித்துச் சொல்கிறேன்” என்று தப்பித்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான், இது அரசியல் கேள்வி மட்டுமல்ல, கணக்கும் இயற்பியலும் கலந்த கேள்வி என்று புரிந்தது. சில நாடுகளில் ஏன் எப்போதும் இரண்டே கட்சிகள் மாறி மாறி ஆள்கின்றன? மூன்றாம் கட்சிக்கு ஓட்டளிப்பதால் அந்த நிலையை மாற்ற முடியுமா? அன்று அவளுக்குச் சொல்லாத பதிலை இப்போது உங்களுக்கும் சேர்த்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

சுற்றுலாவுக்கு எங்கே போவது?

முதலில் ஒரு சிறு கணக்கு. 40 மாணவர்கள் உள்ள ஒரு வகுப்பு சுற்றுலா போக விரும்புகிறது. மாமல்லபுரம், ஏற்காடு, கொடைக்கானல் ஆகிய மூன்று இடங்கள் ஓட்டுக்கு விடப்படுகின்றன. முடிவு இதோ:

மாமல்லபுரம் – 18
ஏற்காடு – 14
கொடைக்கானல் – 8

அதிக ஓட்டு பெற்றது மாமல்லபுரம். வகுப்பு கடற்கரைக்குப் புறப்படுகிறது. ஆனால் சற்றுக் கூர்ந்து பாருங்கள். மலைக்குப் போக விரும்பியவர்கள் 14 + 8 = 22 பேர். அதாவது பாதிக்கு மேல்! பெரும்பான்மையினர் மலையை விரும்பியும், அவர்களுடைய ஓட்டு இரண்டாகப் பிரிந்ததால் கடல் வென்றுவிட்டது.

அடுத்த ஆண்டு இதே வகுப்பில் மறுபடியும் ஓட்டெடுப்பு நடக்கிறது. கொடைக்கானல்காரர்கள் எட்டுப் பேரும் இப்போது என்ன செய்வார்கள்? “போன தடவை நாம் பிடிவாதம் பிடித்ததால் மலையே கிடைக்காமல் போயிற்று. இந்தத் தடவை ஏற்காட்டுக்கே போட்டுவிடுவோம்” என்று ஐந்தாறு பேராவது மனம் மாறுவார்கள். கொடைக்கானலின் ஓட்டு இரண்டு, மூன்று என்று சுருங்கிவிடும். அதைப் பார்த்து, மூன்றாம் ஆண்டில் எஞ்சியவர்களும் கைவிடுவார்கள். போட்டி மாமல்லபுரம், ஏற்காடு என்ற இரண்டுக்குள் அடங்கிவிடும். கொடைக்கானலை யாரும் தடை செய்யவில்லை. ஓட்டு எண்ணும் விதியே அதை மெல்ல வெளியே தள்ளிவிட்டது.

டுவெர்ஜே கண்ட விதி

இதைத்தான் பிரெஞ்சு நாட்டு அரசியல் அறிஞர் மோரிஸ் டுவெர்ஜே, 1951-ல் வெளியான தம் நூலில் ஒரு பொது விதியாக எடுத்துரைத்தார். ஒரு தொகுதிக்கு ஒரே இடம், ஒரே சுற்று ஓட்டெடுப்பு, அதிக ஓட்டு பெற்றவரே வென்றவர் என்ற முறை உள்ள இடங்களில் இரு கட்சி அமைப்பு உருவாகும் போக்கு இருக்கும். ஓட்டு விகிதத்துக்கு ஏற்ப இடங்களைப் பகிர்ந்தளிக்கும் விகிதாசார முறை உள்ள இடங்களில் பல கட்சிகள் தழைக்கும் என்பது அதன் சாரம்.

இதற்கு அவர் இரண்டு காரணங்களைக் காட்டினார். முதலாவது இயந்திரம் போன்றது: மூன்றாவதாக வரும் கட்சிக்கு, அது பெற்ற ஓட்டைவிட மிகக் குறைந்த விகிதத்தில்தான் இடங்கள் கிடைக்கும். இரண்டாவது மனத்தைச் சார்ந்தது: அதைக் கண்ட வாக்காளர்கள் ஓட்டு வீணாகிவிடுமே என்று அஞ்சி, முதலிரண்டு கட்சிகளில் தமக்குச் சற்று ஏற்புடையதன் பக்கம் சாய்வார்கள். முதல் காரணம் இரண்டாவதை வளர்க்கிறது. இரண்டாவது மீண்டும் முதலாவதை வளர்க்கிறது. ஒலிபெருக்கியின் முன்னால் மைக்கைக் கொண்டுபோனால் ‘கூ’வென்ற சத்தம் தன்னைத் தானே பெருக்கிக்கொண்டு எழும்புகிறதே, அதே போன்ற சுழற்சிதான் இது.

முதல் காரணம் எவ்வளவு கடுமையானது என்பதற்குப் பிரிட்டனின் 1983 தேர்தலைப் பாருங்கள். தொழிற்கட்சி 27.6 சதவிகித ஓட்டுப் பெற்றது. கிடைத்த இடங்கள் 209. மூன்றாவதாக வந்த லிபரல்–சமூக ஜனநாயகக் கூட்டணி பெற்றது 25.4 சதவிகிதம். வித்தியாசம் இரண்டே சதவிகிதந்தான். ஆனால் கூட்டணிக்குக் கிடைத்த இடங்கள் 23! மொத்தம் 650 இடங்களில் நாலில் ஒரு பங்கு ஓட்டுக்கு இருபத்தைந்தில் ஒரு பங்கு இடம்கூடக் கிடைக்கவில்லை.

லென்ஸும் வெயிலும்

இங்கே ஒரு சோதனையை நினைவுபடுத்திக்கொள்வோம். பள்ளிப் பருவத்தில் குவி லென்ஸை வெயிலில் பிடித்துக் காகிதத்தை எரித்திருப்பீர்கள். லென்ஸின் மேல் விழும் வெயில், பரவி விழுந்தால் காகிதம் சற்றுச் சூடாகும், அவ்வளவுதான். அதே வெயில், ஒரு கூடுதல் கலோரியும் இல்லாமல், ஒரு புள்ளியில் குவிந்தால் காகிதம் பற்றிக்கொள்ளும். மொத்தச் சக்தி முக்கியமல்ல. அது எங்கே குவிகிறது என்பதே முக்கியம்.

ஓட்டும் அப்படித்தான். நம் சுற்றுலாக் கணக்கையே விரித்துக்கொள்வோம். பத்து வகுப்புகள், ஒவ்வொன்றிலும் 40 பேர், மொத்தம் 400 ஓட்டு. இவற்றில் கொடைக்கானல்காரர்கள் 80 பேர். வகுப்புக்கு எட்டுப் பேராகப் பரவியிருந்தால் பத்து வகுப்பிலும் தோற்பார்கள். அதே 80 பேர் மூன்று வகுப்புகளில் 27, 27, 26 என்று சேர்ந்திருந்தால் மூன்றிலும் பெரும்பான்மையுடன் வெல்வார்கள். ஓட்டு ஒன்றுதான், பலன் பூஜ்யத்திலிருந்து மூன்றுக்கு உயர்ந்துவிட்டது.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. அமெரிக்காவில் ஜனாதிபதியை 538 தேர்வாளர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். 50 மாநிலங்களில் 48-ல், முதலாவதாக வருபவருக்கே அம்மாநிலத்தின் தேர்வாளர்கள் அனைவரும் போய்ச் சேர்வார்கள். 1992-ல் ராஸ் பெரோ என்ற கோடீசுவரர் சுயேச்சையாக நின்று சுமார் 1 கோடியே 97 லட்சம் ஓட்டுப் பெற்றார், இது 18.9 சதவிகிதம். அவருக்குக் கிடைத்த தேர்வாளர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஒருவர்கூட இல்லை! ஆனால் 1968-ல் ஜார்ஜ் வாலஸ் 13.5 சதவிகிதமே பெற்றார். அவருடைய ஆதரவு தெற்கு மாநிலங்களில் குவிந்திருந்ததால் 46 தேர்வாளர்களைப் பெற்றார். பெரோவின் ஓட்டு பரவிய வெயில். வாலஸின் ஓட்டு குவிந்த வெயில்.

கனடாவின் 1993 தேர்தல் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. அதுவரை ஆண்ட முற்போக்குப் பழமைக் கட்சி நாடெங்கும் பரவலாக 16 சதவிகித ஓட்டுப் பெற்றும், 295 இடங்களில் இரண்டே இடங்களை வென்றது. அதைவிடக் குறைவாக 13.5 சதவிகிதம் பெற்ற கியூபெக் கட்சியான பிளாக் கியூபெக்வா, தன் மாகாணத்தில் மட்டும் போட்டியிட்டதால் 54 இடங்களை வென்று எதிர்க்கட்சியாக அமர்ந்தது.

இதிலிருந்து முதல் பாடம் கிடைக்கிறது. மூன்றாம் கட்சி என்றால் எங்கும் தோற்கும் என்பதல்ல. தன் தொகுதிகளில் முதல் இரண்டுக்குள் வருமானால் அது அங்கே மூன்றாம் கட்சியே அல்ல. டுவெர்ஜேயின் விதி தொகுதிக்குள்தான் பலமாக வேலை செய்கிறது. நம் இந்தியாவும் ‘அதிக ஓட்டுப் பெற்றவர் வென்றவர்’ என்ற முறையையே பின்பற்றுகிறது. ஆனால் நம் மக்களவையில் பற்பல கட்சிகள் இருக்கின்றன. பல மாநிலங்களில் போட்டி இரண்டு பெரும் அணிகளுக்கிடையேதான் நடக்கும். ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் அந்த இரண்டும் வேறு வேறாக இருப்பதால் நாடு முழுவதையும் கூட்டிப் பார்க்கும்போது பல கட்சிகளாகத் தெரிகிறது.

வீணான ஓட்டா, விபரீத ஓட்டா?

மூன்றாம் கட்சி ஓட்டு வெறுமனே வீணாவதோடு நின்றால் பரவாயில்லை. சில சமயம் அது ஓட்டளித்தவரின் நோக்கத்துக்கு நேர்மாறான பலனைத் தந்துவிடுகிறது.

2000-ம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் கடைசியில் புளோரிடா என்ற ஒரே மாநிலத்தில் வந்து நின்றது. அங்கே ஜார்ஜ் புஷ் 29,12,790 ஓட்டும், அல் கோர் 29,12,253 ஓட்டும் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. வித்தியாசம் 537. அதே மாநிலத்தில் பசுமைக் கட்சி வேட்பாளர் ரால்ஃப் நேடர் பெற்றவை 97,488. நேடருக்குப் போட்டவர்கள் எல்லோரும் கோருக்குப் போட்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. சிலர் புஷ்ஷுக்குப் போட்டிருப்பார்கள், சிலர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். ஆனால் கூட்டிக் கழித்தபின் நூற்றுக்கு ஒருவர் அளவுக்கு கோரின் பக்கம் கூடியிருந்தாலே சுமார் 970 ஓட்டுகள் ஆகும். 537-ஐத் தாண்ட அது போதும். சுற்றுச்சூழலைக் காக்க வேண்டும் என்று ஓட்டளித்தவர்கள், அதில் தங்களுக்கு நெருக்கமான பெரிய கட்சி தோற்பதற்கு ஒரு காரணமானார்கள். நாடு முழுவதிலும் கோர் பெற்ற ஓட்டு புஷ் பெற்றதைவிட 5 லட்சத்துக்கும் அதிகம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆக, என் மாணவியின் அச்சம் நியாயமானதே. கணக்கு அவள் பக்கம் பேசுகிறது. ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. இனித்தான் சுவையான பகுதி.

7,000 ஓட்டில் தொடங்கிய கதை

1840-ல் அமெரிக்காவில் இரண்டு பெரிய கட்சிகள் இருந்தன: ஜனநாயகக் கட்சி, விக் கட்சி. அன்றைய மாபெரும் அநீதி அடிமை முறை. இரண்டு கட்சிகளுக்குமே தெற்கின் ஓட்டுத் தேவைப்பட்டதால் இரண்டுமே அதைத் தொடாமல் ஒதுங்கின. அப்போது அடிமை ஒழிப்பாளர்கள் சிலர் சேர்ந்து லிபர்ட்டி கட்சி என்ற சிறு கட்சியைத் தொடங்கி, ஜேம்ஸ் பிர்னி என்பவரை ஜனாதிபதித் தேர்தலில் நிறுத்தினார்கள். நாடு முழுவதிலும் அவர் பெற்ற ஓட்டு சுமார் 7,000!

1844-ல் பிர்னி மறுபடி நின்றார். இம்முறை சுமார் 62,000 ஓட்டு. இந்த ஓட்டில்தான் விபரீதம் நேர்ந்தது. விக் கட்சியின் ஹென்றி கிளே, டெக்சஸை நாட்டோடு சேர்ப்பதில் தயக்கம் காட்டியவர். ஜனநாயகக் கட்சியின் ஜேம்ஸ் போல்க், சேர்த்தே தீர வேண்டும் என்றவர். டெக்சஸ் சேர்ந்தால் அடிமை முறை உள்ள பெரிய மாநிலம் ஒன்று கூடும். நியூயார்க் மாநிலத்தில் போல்க் சுமார் 5,100 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். அங்கே பிர்னி பெற்றதோ சுமார் 15,800. நியூயார்க்கின் 36 தேர்வாளர்கள் கிளேயிடம் போயிருந்தால் அவர்தான் ஜனாதிபதி. அடிமை முறையை வெறுத்தவர்களின் ஓட்டுப் பிரிந்ததால் போல்க் வென்றார். 1845-ல் டெக்சஸ் அடிமை மாநிலமாக ஒன்றியத்தில் சேர்ந்தது.

அந்த ஆண்டில் யாரேனும் பிர்னியின் ஆதரவாளர் ஒருவரைப் பிடித்து, “உன் ஓட்டு என்ன சாதித்தது?” என்று கேட்டிருந்தால் அவர் தலைகுனிந்துதான் நின்றிருப்பார். ஆனால் அடுத்து நடந்ததை இந்தப் பட்டியலில் பாருங்கள். ஒவ்வொரு தேர்தலிலும், அடிமை முறை பரவுவதை எதிர்த்து நின்ற கட்சி பெற்ற ஓட்டு இது:

1840 – லிபர்ட்டி கட்சி – சுமார் 7,000
1844 – லிபர்ட்டி கட்சி – சுமார் 62,000
1848 – ஃப்ரீ சாயில் கட்சி – சுமார் 2 லட்சத்து 91 ஆயிரம்
1852 – ஃப்ரீ சாயில் கட்சி – சுமார் 1 லட்சத்து 55 ஆயிரம்
1856 – குடியரசுக் கட்சி – சுமார் 13 லட்சத்து 40 ஆயிரம்
1860 – குடியரசுக் கட்சி – சுமார் 18 லட்சத்து 66 ஆயிரம்

1860-ல் அந்தக் கட்சியின் வேட்பாளர் ஆபிரகாம் லிங்கன். நால்வர் போட்டியில் 39.8 சதவிகித ஓட்டே பெற்ற அவருக்கு 303 தேர்வாளர்களில் 180 பேர் கிடைத்தார்கள். அவருடைய ஓட்டு வடக்கு மாநிலங்களில் குவிந்திருந்தது. மீண்டும் அதே லென்ஸ்! முன்பு மூன்றாம் கட்சியை நசுக்கிய அதே விதி, எல்லையைத் தாண்டியவுடன் அதைத் தூக்கி நிறுத்திவிட்டது. நான்காண்டு உள்நாட்டுப் போருக்குப் பின், 1865-ல் அரசியல் சட்டத்தின் 13-ஆம் திருத்தத்தின் மூலம் அடிமை முறை ஒழிந்தது. லிபர்ட்டி கட்சியில் தொடங்கி, ஃப்ரீ சாயில் கட்சி வழியாகக் குடியரசுக் கட்சிக்கு வந்த சால்மன் சேஸ், லிங்கனின் நிதியமைச்சராகவும், பிறகு தலைமை நீதிபதியாகவும் ஆனார்.

மிகைக் குளிர்ந்த நீர்

1852-ல் ஓட்டு பாதியாகக் குறைந்திருப்பதைக் கவனித்தீர்களா? நான்கே ஆண்டுகளில் அது எட்டு மடங்குக்கு மேல் எப்படி உயர்ந்தது? மெல்ல மெல்ல வளர்ந்த வளர்ச்சியாக அது தெரியவில்லையே!

இங்கே இயற்பியல் கை கொடுக்கிறது. தூய நீரை அசையாமல் மெதுவாகக் குளிர்வித்தால் 0 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழேயும் அது உறையாமல் திரவமாகவே இருக்கும். இதற்கு மிகைக் குளிர்வு என்று பெயர். அந்த நீரில் ஒரு சிறு பனித்துகளைப் போட்டால் போதும். கண்ணெதிரே நீருக்குள் படபடவென்று பனிப் படிகங்கள் ஓடிப் பரவும். ஆனால் அதே துகளை நம் வீட்டுக் குடத்துத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும்? துகள்தான் கரைந்துபோகும். ஆகவே துகள் மட்டும் போதாது. நீரும் குளிர்ந்திருக்க வேண்டும். நீர் குளிர்ந்திருந்தால் மட்டும் போதாது; துகளும் வேண்டும்.

1840-களின் அமெரிக்கா குடத்துத் தண்ணீர். 1854-ல் கன்சாஸ்–நெப்ராஸ்கா சட்டம் வந்தது. அதுவரை அடிமை முறைக்குத் தடை இருந்த வட பிரதேசங்களில், அங்கே குடியேறுபவர்களே அதை முடிவு செய்யலாம் என்றது அந்தச் சட்டம். வடக்கு கொதித்தது. விக் கட்சி வடக்கு, தெற்கு என்று பிளந்து சிதறியது. வீடிழந்த வாக்காளர்கள் லட்சக்கணக்கில் நின்றார்கள். பதினான்கு ஆண்டுகளாக ஓட்டு வாங்கித் தோற்றுக்கொண்டிருந்த அந்தச் சிறு கூட்டம், அவர்கள் வந்து ஒட்டிக்கொள்ள ஒரு பனித்துகளாக, ஆட்களோடும் அமைப்போடும் அனுபவத்தோடும், ஆயத்தமாக இருந்தது. விக் கட்சியினரும் ஜனநாயகக் கட்சியை விட்டு வந்தோரும் அவர்களுடன் சேர்ந்து உருவானதே குடியரசுக் கட்சி.

பிரிட்டனிலும் இது நடந்தது. 1906-ல் தொழிற்கட்சிக்கு 29 இடங்கள். முதல் உலகப் போரின்போது லிபரல் கட்சி இரண்டாகப் பிளந்தது. 1918-ல் வாக்குரிமைச் சட்டம் விரிவாகிக் கோடிக்கும் மேற்பட்ட புதிய வாக்காளர்கள் வந்தார்கள். 1922-ல் தொழிற்கட்சிக்கு 142 இடங்கள். 1924-ல் முதல் தொழிற்கட்சி அரசு. லிபரல் கட்சி மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. நம் தில்லி சட்டமன்றத்திலும் இதன் சிறு உருவத்தைக் காணலாம். 70 இடங்களில் 2008-ல் காங்கிரஸுக்கு 43. 2013-ல் புதிதாக வந்த ஆம் ஆத்மி கட்சிக்கு 28, காங்கிரஸுக்கு 8. 2015-ல் ஆம் ஆத்மிக்கு 67, காங்கிரஸுக்கு ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இந்த மூன்று இடங்களிலும் மாறியவை கட்சிகளின் பெயர்களே. ‘இரண்டு’ என்ற எண் பெரும்பாலும் மாறவில்லை. புதியது உள்ளே வந்தது, பழையது ஒன்று வெளியே போயிற்று. நாற்காலிகள் இரண்டுதான், அமர்ந்தவர் மாறினார். அமெரிக்காவில் 1860-க்குப் பிறகு அப்படி அமர்ந்தவரும் மாறவில்லை. கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தல்கள் இருபதாம் நூற்றாண்டில் பரவியது அதற்கு ஒரு காரணம். அதிருப்தி கொண்டவர்கள் வெளியே தனிக் கடை போடாமல், பெரிய கட்சிக்குள்ளேயே புகுந்து அதை மாற்றப் பார்க்கிறார்கள்.

கட்சி சாகும், கொள்கை வாழும்

மூன்றாம் கட்சி செய்யும் இன்னொரு வேலையும் உண்டு. பெரிய கட்சியைப் பயமுறுத்துவது. 1892-ல் அமெரிக்க விவசாயிகளின் மக்கள் கட்சி பத்து லட்சம் ஓட்டுகளுக்கு மேல் பெற்றது. வருமானத்துக்கேற்ப உயரும் வருமான வரி வேண்டும், செனட் உறுப்பினர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பன அதன் கோரிக்கைகளில் சில. 1896-ல் ஜனநாயகக் கட்சி அதன் கோரிக்கைகள் பலவற்றை எடுத்துக்கொண்டது. மக்கள் கட்சி மெல்ல மறைந்தது. ஆனால் 1913-ல் வருமான வரியும் செனட்டுக்கு நேரடித் தேர்தலும் அரசியல் சட்டத் திருத்தங்களாகவே வந்துவிட்டன.

அண்மைக் காலத்தில் பிரிட்டனின் யூகிப் கட்சியும் அப்படித்தான். 2015-ல் அது 38 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுப் பெற்று ஒரே ஓர் இடத்தை வென்றது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக வேண்டும் என்ற அதன் ஒரே பெரிய கோரிக்கை, ஆளுங்கட்சியை நெருக்கி 2016-ல் பொது வாக்கெடுப்பாக வந்து நிறைவேறியும் விட்டது. அது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். இடம் கிடைக்காத ஓட்டும் நாட்டின் போக்கைத் திருப்பும் என்பதே நாம் பார்க்க வேண்டியது.

விதியையே மாற்றுவது

‘இரண்டு’ என்ற எண்ணையே மாற்ற வழி உண்டா? உண்டு. ஓட்டு எண்ணும் விதியை மாற்ற வேண்டும். அதற்கும் மூன்றாம் கட்சி ஓட்டுகள் தூண்டுகோலாகியிருக்கின்றன.

நியூசிலாந்தில் நெடுங்காலமாக நேஷனல் கட்சியும் தொழிற்கட்சியும் மட்டுமே மாறி மாறி ஆண்டன. சோஷியல் கிரெடிட் என்ற மூன்றாம் கட்சி 1978-ல் 16 சதவிகிதம் பெற்று ஓரிடமும், 1981-ல் 20.7 சதவிகிதம் பெற்று இரண்டு இடங்களும் வென்றது. அதோடு, அந்த இரண்டு தேர்தல்களிலும் தொழிற்கட்சி நேஷனல் கட்சியைவிட அதிக ஓட்டு வாங்கியும் தோற்றது. இந்த முறை சரியில்லை என்று பெரிய கட்சி ஒன்றுக்கே சுட்டது. 1986-ல் அரசு அமைத்த விசாரணைக் குழு விகிதாசார முறையைப் பரிந்துரைத்தது. 1993-ல் நடந்த பொது வாக்கெடுப்பில் 53.9 சதவிகிதத்தினர் அதை ஏற்றார்கள். 1996-ல் நடந்த முதல் புதுமுறைத் தேர்தலிலேயே ஆறு கட்சிகள் பார்லிமென்ட்டில் நுழைந்தன.

ஆஸ்திரேலியா வேறு வழியில் சென்றது. 1918-ல் ஸ்வான் என்ற தொகுதியின் இடைத்தேர்தலில் தொழிற்கட்சிக்கு எதிரான ஓட்டு பிரிந்ததால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஓட்டுடன் தொழிற்கட்சி வென்றது. நம் மாமல்லபுரம் கதைதான்! உடனே ஆளுங்கட்சி அதே ஆண்டில் விருப்ப வரிசை முறையைக் கொண்டுவந்தது. வாக்காளர் 1, 2, 3 என்று வரிசை எழுதுவார். கடைசியில் உள்ளவர் நீக்கப்பட்டு, அவருடைய ஓட்டுகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். நம் வகுப்பில் கொடைக்கானல் நீங்கி அதன் எட்டு ஓட்டும் ஏற்காட்டுக்குப் போனால் 22-க்கு 18 என்று மலை வென்றுவிடும். இந்த முறையில் மனத்துக்குப் பிடித்தவருக்கு அஞ்சாமல் ஓட்டளிக்கலாம், ஓட்டு சிதறாது. ஆனாலும் இடம் தொகுதிக்கு ஒன்றே என்பதால் ஆஸ்திரேலியக் கீழ்ச்சபையில் இரு பெரும் அணிகளின் ஆதிக்கம் போய்விடவில்லை. அமெரிக்காவில் மெய்ன் மாநிலம் 2018 முதல் இம்முறையைப் பயன்படுத்துகிறது.

விதி தானாக மாறிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 2011-ல் விருப்ப வரிசை முறைக்காக நடந்த பொது வாக்கெடுப்பில் மூன்றில் இரு பங்கினர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

என் மாணவிக்குச் சொன்ன பதில்

ஒரு வாரம் கழித்து அவளிடம் சொன்னேன்: “நீ அந்தக் கட்சிக்குப் போடலாமா கூடாதா என்று நான் சொல்ல மாட்டேன். அது உன் ஓட்டு. ஆனால் போடுவதற்கு முன் மூன்று கேள்விகளை உன்னிடமே கேட்டுக்கொள். உன் தொகுதியில் அந்தக் கட்சி முதல் இரண்டுக்குள் வரக்கூடிய அளவுக்குக் குவிந்திருக்கிறதா? இல்லையென்றால், பெரிய கட்சிகள் இரண்டுமே தொட அஞ்சும் ஏதாவது ஒன்றை அது துணிந்து சொல்கிறதா? கடைசியாக, இந்தத் தேர்தலில் உனக்குப் பிடிக்காதவர் வென்றால் அதன் விலையை யார் கொடுப்பார்கள்? நீயா, உன்னைவிட எளியவர்களா?”

அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அப்படியானால் பிர்னிக்குப் போட்டவர்கள் செய்தது சரியா, தவறா சார்?” என்று கேட்டாள்.

நேரான கேள்வி. 1845-ல் பார்த்தால் தவறு; 1865-ல் பார்த்தால் சரி. இடையில் இருபது ஆண்டுகள் டெக்சஸின் பருத்தி வயல்களில் அடிமைகளாக உழைத்தவர்களிடம் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்களோ! இயற்பியலில் ஒரு சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து விடை காணலாம். வரலாற்றுச் சோதனை ஒருமுறைதான் நடக்கும். இன்னொரு வேறுபாடும் உண்டு: நீர் மூலக்கூறு செய்தித்தாள் படிப்பதில்லை. விதி தெரிந்துவிட்டது என்பதற்காக அது நடத்தையை மாற்றிக்கொள்ளாது. மனிதன் மாற்றிக்கொள்வான். ஆகவே டுவெர்ஜேயின் விதி நியூட்டனின் விதியைப் போன்றதல்ல. பாதையின் சரிவைக் காட்டும் பலகை போன்றது. சரிவு தெரிந்தவன் வேண்டுமானால் மேட்டிலும் ஏறலாம். மூச்சு வாங்கும் என்று தெரிந்தே ஏறுவான்.

வாசகர்களே, அடுத்த தேர்தல் முடிவு வெளிவரும்போது ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு தாளில் ஒவ்வொரு கட்சியும் பெற்ற ஓட்டுச் சதவிகிதத்தை ஒரு பத்தியிலும், பெற்ற இடங்களின் சதவிகிதத்தைப் பக்கத்துப் பத்தியிலும் எழுதுங்கள். இரண்டாவதை முதலாவதால் வகுங்கள். விடை 1-க்கு மேலே இருந்தால் அந்தக் கட்சிக்கு விதி துணை செய்திருக்கிறது. கீழே இருந்தால் விதி பிடித்து இழுத்திருக்கிறது. 1983-ல் பிரிட்டனின் அந்தக் கூட்டணிக்கு வகுத்துப் பார்த்தால் 0.14 வரும். உங்கள் விடை என்ன வருகிறது என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.